கினி பிக்குக்குத் திடீரென்று பின்னங்கால் விழுந்துவிட்டால்

கொத்தமல்லிக் கட்டு சுற்றியிருக்கும் கவர் சரசரத்தால் போதும், எங்கள் கினி பிக் மொச்சை கூண்டுக் கம்பியில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று வீட்டையே கத்தி எழுப்பிவிடும். ஆறு வயது, 940 கிராம், பெண். அன்றைக்குக் கவரும் சரசரத்தது, சத்தமும் வந்தது, ஆள் மட்டும் கம்பிக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை ஒரு துணி மூட்டையைப் போல இழுத்துக்கொண்டு வருகிறது. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஜீவன் அது.

அன்று பகல் முழுக்க நான் அதன் காலையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒத்தடம் கொடுத்தேன், நீவிவிட்டேன், பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார் என்று தைலம்கூடக் கொஞ்சம் தடவினேன் (அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்). சாயங்காலம் துணி மாற்றும்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து ஒரு புழுக்கைகூட இல்லை. புல் அப்படியே இருக்கிறது. தண்ணீர்க் குப்பியும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் குழாய் முனைக்கு அதனால் எழும்பவே முடியவில்லை. கால் விழுந்த கினி பிக்கை முதலில் கொண்டுபோவது பெரும்பாலும் கால் இல்லை, தின்னாமல் நின்றுபோகிற குடலும் வெளியேற வழியில்லாமல் நிரம்புகிற மூத்திரப்பையும்தான். இது எனக்கு ஒரு நாள் தாமதமாகப் புரிந்தது. உங்களுக்கு முதல் மணி நேரத்திலேயே புரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஐந்து மாதம் கால் விழுந்த ஒரு கினி பிக்கைப் பார்த்துக்கொண்டவன், அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடம்

பதறித் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழே, முதுகு வளையாமல் தூக்கி, துண்டு விரித்த தாழ்வான பெட்டியில் வையுங்கள். சோபாவிலிருந்து விழுந்தது, குழந்தை கைதவறிப் போட்டுவிட்டது, பூனை கவ்விவிட்டது என்று சந்தேகம் இருந்தால் கையாலேயே தூக்க வேண்டாம், முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். பிள்ளைகளின் பரீட்சை அட்டையை மெதுவாக அடியில் நுழைத்து, பலகையோடு சேர்த்துப் பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள். மாடி வைத்த கூண்டாக இருந்தால் சாய்வுப் படியை அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

அடுத்து நான்கு விஷயங்கள் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? ஈறு வெளுத்திருக்கிறதா? காதும் பாதமும் சில்லென்று இருக்கின்றனவா? வயிறு மத்தளம் மாதிரி உப்பி இறுகியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டாம், வண்டியை எடுங்கள்.

இல்லை என்றால், பின்னங்கால் விரல் ஒன்றை லேசாக, ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். காலை இழுத்துக்கொண்டால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம், அது வெறும் அனிச்சையாகவும் இருக்கலாம், மூளைவரை சேதி போகாமலே கால் அப்படி இழுக்கும். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கீச்சென்று எதிர்ப்புக் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். அதுவும் இல்லை என்றால் நிலைமை கொஞ்சம் மோசம், ஆனால் அதுவே தீர்ப்பும் இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வந்து ஒவ்வொரு முறை கிள்ளிப் பார்க்கத் தேவையில்லை, எங்கள் வீட்டில் அது நடந்தது.

அது உண்மையிலேயே கால் விழுந்ததுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாதத்தின் அடியில் புண் வைத்து வீங்கியிருந்தாலும் நடக்காது. மூத்திரப்பையில் கல் இருந்தால் முதுகைக் கூனிக்கொண்டு, பின்பக்கத்தை அசைக்காமல், மூத்திரம் போகும்போது கத்தும், துணியில் ரத்தம் தெரியலாம். கோடை நாளாக இருந்தால் வெப்பத் தாக்கையும் நினைவில் வையுங்கள், 30 டிகிரிக்கு மேல் போனாலே இந்தப் பிராணிக்குத் தாங்காது. ஆனால் வெப்பத்தில் விழுவது பின்னங்கால் மட்டும் இல்லை, உடம்பு மொத்தமும் துவண்டு, வாயோரம் எச்சில் வடிந்து கிடக்கும். ஈரத் துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, விசிறி போட்டு, உடனே ஆஸ்பத்திரி. ஐஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

தைலம் விஷயத்துக்கு வருகிறேன். நாம் முட்டிவலிக்குப் பூசுகிற தைலங்களிலும் களிம்புகளிலும் இருக்கிற நீலகிரித் தைலம், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் நக்கினால் விஷம், இது நாள் முழுக்கத் தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. வீட்டு டப்பாவில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் மாத்திரைகளையும் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

எதனால் விழுகிறது

வயதான கினி பிக் என்றால் ஐந்து வயதுக்கு மேல். இவற்றின் ஆயுளே ஐந்திலிருந்து எட்டு வருஷம்தான். இந்த வயதில் பின்னங்கால் விழ ஒரு டஜன் காரணம் இருக்கலாம்: முதுகெலும்பில் அடி, முதுகெலும்புத் தட்டு விலகல், முற்றிய மூட்டுவாதம், பக்கவாதம், தண்டுவடத்தை அழுத்தும் கட்டி, பெண் என்றால் பெரிதாகிவிட்ட கருப்பைக் கட்டி தரும் வலி. வேறு பெரிய நோய் முற்றும்போதும் அது பின்பக்கப் பலவீனமாகக் கண்ணில் படலாம். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு காரணங்கள் நம் சமையலறைக்கும் கடைக்கும் சம்பந்தப்பட்டவை என்பதால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலாவது வைட்டமின் சி. ஆட்டுக்கும் நாய்க்கும் முயலுக்கும் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். நம்மைப் போலவே கினி பிக்காலும் முடியாது. 1907ல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் போட்டார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது, வைட்டமின் சி இல்லாமல் போனால் வரும் நோய் அது. வைட்டமின் சி என்று ஒன்று இருப்பதைப் பிற்பாடு உலகம் கண்டுபிடிக்க வழி திறந்தது அங்கேதான். அந்த ஸ்கர்வி வந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், வீங்கும், வலியில் பின்னங்காலை ஊன்றாது, முடி பரட்டையாகும், ஈறில் ரத்தம் வரும். நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் நம் ஊர்க் கடைகளில் கினி பிக் வாங்கினால் கூடவே கிலோ கணக்கில் அளந்து கொடுப்பது முயல் பெல்லட்தான் (அழுத்திச் செய்த உலர் தீனி). முயலுக்கு வைட்டமின் சி தேவையில்லை என்பதால் அதில் சேர்ப்பதில்லை. கினி பிக்குக்கென்றே செய்த பெல்லட்டிலும் தயாரித்த மூன்று மாதத்துக்குள் சத்து பெரும்பாலும் போய்விடும், திறந்து வைத்த மூட்டையில் அதைவிடச் சீக்கிரம். நான் இரண்டு வருஷமாக வாங்கிப் போட்டது அந்த மூட்டைப் பெல்லட்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது கால்சியம். அரிசி, சோளம், கம்பு, பிரெட், கேரட் என்று வளரும் கினி பிக்குக்குப் பாஸ்பரஸ் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் போகும். இன்னொரு பக்கம், மூத்திரக் கல் வந்துவிடும் என்று பயந்து கால்சியம் உள்ள எதையுமே கண்ணில் காட்டாமல் வளர்க்கிறவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் வயதான பிறகு திடீரென்று பின்பக்கம் செயலிழக்கலாம், கால்சியம் கொடுத்தால் சில நாட்களில் எழுந்துவிடுவதும் உண்டு. அதற்காக வீட்டில் இருக்கும் கால்சியம் சிரப்பை ஊற்றிவிடக் கூடாது. நம் ஊர் சிரப்புகளில் பெரும்பாலும் வைட்டமின் டி சேர்ந்தே இருக்கும், அது கூடினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும். கொடுக்கலாமா, எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். கேட்க வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு: "கால்சியம் குறைவாக இருக்குமா டாக்டர்?"

டாக்டரிடம் போகும்போது

நம் ஊரில் கால்நடை மருத்துவர் என்றால் மாடு, ஆடு, நாய். கினி பிக் பார்த்தவர் குறைவு, அதனால் போன் செய்து "முயல், கினி பிக் பார்ப்பீர்களா" என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நான் முதலில் போன இடத்தில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "எலிதானே சார், வயசாயிடுச்சு" என்று ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன ஊசி என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் கேளுங்கள், சீட்டில் எழுதியும் வாங்குங்கள்.

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: இழுத்துக்கொண்டு நடக்கும் முப்பது விநாடி வீடியோ (மேஜையில் வைத்தால் பயத்தில் உறைந்துபோய் அசையவே அசையாது), கடைசியாகத் தின்ற நேரம், கடைசிப் புழுக்கை, கடைசி மூத்திரம், இன்றைய எடை, போடும் பெல்லட்டில் ஒரு கை, முடிந்தால் துணியிலிருந்து பிழிந்த மூத்திரம். ஜோடி இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள், பக்கத்தில் தெரிந்த உடம்பு இருந்தால் பயம் பாதி குறையும். மே மாதம் என்றால் காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், பன்னிரண்டு மணி ஆட்டோவில் வேண்டாம்.

அங்கே இரண்டு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். ஒன்று ஆன்டிபயாடிக். அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய் வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, சில நாளில் ஆளையே முடித்துவிடும். கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசினும் அப்படியே. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா வகைகளைத்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை: "இது கினி பிக்குக்கு ஒத்துக்குமா டாக்டர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்." இரண்டு, ஸ்டீராய்டும் மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தும் ஒரே நேரத்தில் போகக் கூடாது. முதல் இடத்தில் என்ன ஊசி போட்டார்கள் என்று எனக்குத் தெரியாததால், இரண்டாவது டாக்டர் வலி மருந்தை ஒரு நாள் தள்ளித்தான் தொடங்கினார், அந்த ஒரு நாள் வலி என் கணக்கில்.

எக்ஸ்ரேவுக்காகவோ மயக்க மருந்துக்காகவோ "ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று யாராவது நாய்க்குச் சொல்வதைப் போலச் சொன்னால் மறுபடி ஒரு முறை விசாரியுங்கள். நாய்க்கு அப்படிச் சொல்வது மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடுமோ என்ற பயத்தில், கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பயம் இல்லை, இரவெல்லாம் பட்டினி கிடந்தால் குடல் நிற்பதுதான் ஆபத்து.

மொச்சைக்கு எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, இடுப்பிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் நல்ல மூட்டுவாதம். வைட்டமின் சி, கால்சியம், மெலாக்ஸிகாம் சொட்டு என்று மூன்றும் எழுதிக் கொடுத்தார். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எட்டாம் நாள் வலது கால் ஊன்ற ஆரம்பித்தது. இடது கால் கடைசிவரை வரவில்லை.

ஊட்டுவது

இதுதான் பெரிய வேலை. கினி பிக்கின் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மில் மாதிரி. அரை நாள் ஒன்றும் உள்ளே போகவில்லை என்றாலே சிக்கல் தொடங்கிவிடும், ஒரு நாள் தாண்டினால் ஈரலும் கெடத் தொடங்கும்.

முதலில் எல்லாவற்றையும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். புல்லைத் தொட்டியில் தொங்கவிடாமல் முன்னால் குவித்து வையுங்கள், தண்ணீரைக் கனமான தட்டையான கிண்ணத்தில் வையுங்கள். பல கினி பிக்குகள் தின்னாமல் இருப்பதற்குக் காரணமே எட்டாததுதான். கொத்தமல்லி, அருகம்புல், ஒரு துண்டு குடைமிளகாய் என்று வாசனையாக ஏதாவது வைத்தால் தானாகத் தின்கிறதா பாருங்கள். தின்றால் பாதி ஜெயித்தீர்கள்.

தின்னவில்லை, அல்லது எடை இறங்குகிறது என்றால் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். கிரிட்டிகல் கேர் என்று ஒரு பொடி ஆன்லைனில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், வந்து சேர நாளும் ஆகும். அதுவரை பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்துக்கொள்ளலாம். செரிலாக், பால், தயிர்சாதம் எதுவும் வேண்டாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50லிருந்து 60 மில்லி, ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தானாகக் கொஞ்சம் தின்றால் அதற்கேற்ப இது குறையும். நான் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 11 என்று வைத்துக்கொண்டேன். மதிய வேளைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வந்தார், தைலம் சொன்ன அதே பாட்டி, என்னைவிடப் பொறுமையாக ஊட்டினார்.

ஊட்டும் விதம்: மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மடியில் துண்டு சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, அரை மில்லி அழுத்துங்கள். மெல்லும். விழுங்கும். அப்புறம் அடுத்த அரை மில்லி. மெல்லாமல் வாயோரம் வழிந்தால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ஊசி சிரிஞ்சின் முனை அடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி முனையை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் உங்கள் சட்டையில்தான் இருக்கும். மூன்றாம் நாள் சிரிஞ்சைப் பார்த்ததும் தானே வாயைக் கொண்டுவரும். இடையிடையே சில மில்லி வெறும் தண்ணீரும் கொடுங்கள்.

வயிறு உப்பி இறுகியிருந்தால் மட்டும் ஊட்டாதீர்கள், அது டாக்டர் பார்த்த பிறகு.

வைட்டமின் சி, சாதாரண நாளில் கிலோவுக்கு 10லிருந்து 30 மில்லிகிராம், நோயில் 30லிருந்து 50 வரை. மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நன்றாகப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கினால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும், அதில் 0.6 மில்லி எடுத்தால் 30. அன்றன்றைக்குக் கலக்கி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை அதிகமான சப்பும் மாத்திரையைவிடச் சாதா மாத்திரை நல்லது. வைட்டமின் எல்லாம் கலந்த மல்டிவைட்டமின் சொட்டு வேண்டாம், ஏயும் டியும் கூடிப்போகும். குடிக்கும் தண்ணீரில் கலப்பதிலும் பிரயோஜனம் இல்லை, சத்தும் போய்விடும், ருசி மாறியதால் தண்ணீரையும் தொடாது. காயாகக் கொடுப்பதென்றால் கொய்யாதான் ராஜா, கட்டைவிரல் நுனி அளவு, ஒரு 10 கிராம் துண்டிலேயே 20 மில்லிகிராம் கிடைத்துவிடும். இனிப்பு என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு நோட்டும் சமையலறைத் தராசும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை, எத்தனை மில்லி போனது, புழுக்கை எத்தனை, எந்த அளவு, மூத்திரம் வந்ததா. கண்ணால் பார்த்தால் இளைப்பது தெரியாது, முடி மறைத்துவிடும். 900 கிராம் ஆள் இரண்டு நாளில் 50 கிராம் இறங்கினால் ஊட்டுவதைக் கூட்டுங்கள், 90 கிராம் இறங்கிவிட்டால் அது பத்தில் ஒரு பங்கு, மறுபடி ஆஸ்பத்திரி.

பின்பக்கம்

மூத்திரம் வருகிறதா என்பதைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் துணி காய்ந்தே இருந்து, அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டால் அவசரம். நீங்களாக அழுத்தி எடுக்க முயலாதீர்கள், பை கிழிந்துவிடலாம். எப்படி அழுத்துவது என்று டாக்டர் கையைப் பிடித்துக் காட்டிய பிறகுதான். சொட்டுச் சொட்டாக எப்போதும் ஒழுகிக்கொண்டே இருப்பதும் நல்லது இல்லை, நிரம்பி வழிவதாக இருக்கலாம். மூத்திரம் வெண்மையாகக் கலங்கி வருவது கினி பிக்குக்கு இயல்புதான், விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புழுக்கை விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கினி பிக் குனிந்து ஆசனவாயிலிருந்தே மிருதுவான ஒரு வகைப் புழுக்கையை எடுத்துத் தின்னும், பி வைட்டமின்கள் அதற்கு அதிலிருந்துதான் கிடைக்கின்றன. கால் விழுந்தால் குனிய முடியாது, அது அங்கேயே ஒட்டிக்கொண்டு சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் எடுத்து, சங்கடப்படாமல், வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள். மொச்சை லட்டு மாதிரி வாங்கித் தின்னும். வயதான ஆண்களுக்குக் கால் நன்றாக இருந்தாலே அங்கே அடைப்பு வரும், கால் விழுந்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பார்த்து, துளி தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்துவிட வேண்டும்.

படுக்கை மரத்தூளாக வேண்டாம், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். அடியில் பெரியவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் பேட், மேலே கம்பளித் துணி, ஒரு நாளைக்கு மூன்று முறையாவது மாற்றம். தொடைக்கு நடுவில் நனைந்த முடியைக் கத்தரித்துவிடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஒற்றி, முழுக்கக் காயவையுங்கள். துத்தநாகக் களிம்பு, டால்கம் பவுடர் வேண்டாம், மெல்லிய பூச்சாகத் தேங்காய் எண்ணெய் போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஈ. நம் வெயிலில் மூத்திர நாற்றமடிக்கும் ஈர முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் பின்பக்கத்தை விரித்துப் பாருங்கள், அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது முட்டை. புழுவே தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. கூண்டுக்குமேல் ஒரு கொசுவலை போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும். அடுத்தது எறும்பு. ஊட்டிய கூழ் மோவாயில் காய்ந்திருக்கும், அசைய முடியாத பிராணி, எறும்பு வரிசை கட்டிவிடும். ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துவிட்டு, கூண்டை மேஜை மேல் ஏற்றி, மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். மேஜை என்பதால் விளிம்பு உயரமாக இருக்கட்டும். எறும்பு சாக்பீஸ் பூச்சிமருந்து, அந்தப் பக்கமே வேண்டாம்.

ஒத்தடம் பற்றியும் ஒரு வார்த்தை. உணர்வில்லாத காலுக்குச் சூடு தெரியாது, நகர்ந்து தப்பவும் முடியாது. மார்கழிக் குளிரில் வெந்நீர்ப் பாட்டில் வைப்பதானால் துணி சுற்றி, முன்பக்கம் மட்டும், அதுவும் தானாக விலக இடம் விட்டு.

காலுக்கு

கடைசியில் காலுக்கு வந்துவிட்டோம். முறிவு இல்லை, பயிற்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒவ்வொரு காலையும் சைக்கிள் மிதிப்பதைப் போல மெதுவாக மடக்கி நீட்டுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வலியில் பல்லைக் கடகடவென்று ஆட்டினால் அதோடு நிறுத்துங்கள். மொச்சை இடது காலைத் தொட்டால் கடகடக்கும், வலதுக்குப் பேசாமல் இருக்கும், அதிலிருந்தே கொஞ்சம் புரிந்தது. ஒரு கைக்குட்டையை இடுப்புக்குக் கீழே ஊஞ்சல் மாதிரிக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்னங்காலால் கொத்தமல்லியை நோக்கி நடக்கும், சரியாக வைத்த பாதத்தில் கொஞ்சம் பாரமும் இறங்கும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வேண்டாம், யோகா பாய் நல்லது. இழுபடும் பாதத்தின் மேல்பக்கம் தோல் உரிகிறதா என்று தினமும் பாருங்கள். சின்னச் சக்கர வண்டி செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒன்று செய்து பார்த்தேன், அது வண்டியோடு சேர்ந்து மரம் மாதிரி நின்றுவிட்டது. வயதான கினி பிக்குக்கு அது பெரும்பாலும் நம் ஆசைக்குத்தான்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள், மிதித்தோ விரட்டியோ தொல்லை கொடுத்தால் தவிர. நடுவில் கம்பி வலை வைத்தாலும் மூக்கு தொடும் தூரத்தில் இருக்கட்டும். தனியாக்கினால் தின்பதும் குறையும்.

எவ்வளவு நாள்

இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கால் வராமல் போகலாம், ஆனால் தின்கிறதா, கவர் சத்தத்துக்குக் கத்துகிறதா, தடவினால் குர்ரென்கிறதா, எடை நிற்கிறதா என்று பாருங்கள். இது நான்கும் இருந்தால் கால் இல்லாமலும் நாள் ஓடும், மொச்சைக்கு ஐந்து மாதம் ஓடியது, அதில் நான்கரை மாதம் நல்ல மாதம். தலையைத் தரையில் சாய்த்து, முடி சிலிர்த்து, மூலையைப் பார்த்தே கிடந்து, சிரிஞ்சையும் தள்ளிவிட்டால் டாக்டரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசுங்கள். முதலில் முழு மயக்கம் கொடுத்துவிட்டுத்தான் கடைசி ஊசி போடுவீர்களா என்று கேளுங்கள், அதைக் கேட்பதில் தப்பில்லை. "தானாகப் போகட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் கினி பிக் தானாகப் போவது பெரும்பாலும் குடல் நின்று, வலியில், இரண்டு மூன்று நாள் இழுத்துப் போவது. நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாள் அதற்குத் தேவைப்படவில்லை.

கொண்டுவந்து புதைப்பதற்கு முன் ஜோடியின் கூண்டில் ஒரு அரை மணி நேரம் வைத்தேன். மோந்து பார்த்தது, ஒரு முறை முதுகில் மோவாயை வைத்தது, அப்புறம் போய்ப் புல் தின்ன ஆரம்பித்தது. அதற்கும் ஒரு வாரம் தினமும் எடை பாருங்கள், துணை போன பிறகு தின்பதைக் குறைத்துவிடுகிறவை உண்டு. இதற்கும் 30 கிராம் இறங்கியது, ஆறாம் நாள் திரும்ப ஏறியது.